நிழலில் பூத்த பனஃப்ஷாவும் அதன்மேல் ஏற்றப்பட்ட பொய்யும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், நம் மத்ரஸாவில் ஓதும் பிள்ளை ஒருவர் சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார். அவருடைய பாட்டியின் நெஞ்சுச் சளிக்காக உம்மா வாங்கிய தைலம் அது. குப்பியின்மேல் ஊதா நிறப் பூ ஒன்றின் படம். அதன் கீழே, எல்லாத் தைலங்களிலும் இதுவே சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்ததாக ஒரு வாசகம். "ஹஜ்ரத், இது எந்தக் கிதாபில் வருகிறது?" என்று கேட்டார்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. சொல்ல முடியாமற்போனதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜுமுஆ பயானில், ஏதோ ஒரு சிறுபிரசுரத்தில் படித்ததை நம்பி, இதே செய்தியை நாமும் சொல்லியிருக்கிறோம். அப்போது ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்போது கேட்கிறார்.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினோம். பனஃப்ஸஜ் தைலத்தின் சிறப்பைப் பற்றிய அந்த அறிவிப்பை இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் தமது 'அல்மவ்ளூஆத்' நூலில் இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் வந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களும் 'அல்மனாருல் முனீஃப்' நூலில் அதை ஏற்கத்தகாத செய்திகளோடு எண்ணுகிறார்கள். கத்தரிக்காய், அரிசி, பருப்பு ஆகியவற்றின் பெயரால் புனையப்பட்ட செய்திகளும் அந்த நூலில் வருகின்றன. உணவுப்பொருள் விற்போரும், ஒரு கூட்டத்தை உயர்த்த விரும்பியோரும், சில வேளைகளில் நல்லெண்ணம் கொண்ட அறியாதவர்களுமே இத்தகைய பொய்களைப் பரப்பினர். நாம் அந்த மூன்றாம் வகையில் சேர்ந்திருந்தோம்.

பொய் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பூவுக்கென்று மெய்யான வரலாறு ஒன்று உண்டு. அதைத் தேடப் போனபோது நாம் கண்டவற்றையே இங்கே எழுதுகிறோம்.

அரபியில் பனஃப்ஸஜ், பாரசீகத்தில் பனஃப்ஷா, ஆங்கிலேயர் வழக்கில் வயலட். நம் ஊர் யூனானி மருந்துக்கடைகளில் குல்பனஃப்ஷா என்று கேட்டால் காய்ந்த சருகு போன்ற ஒன்றைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். இருமலுக்கான ஜோஷாந்தாக் கஷாயத்தில் சேர்வது அதுவே. உயிரோடு இருக்கும் செடியைக் கண்டவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஒரு சாண் உயரம்கூட வளராத சிறு செடி. இதய வடிவ இலைகள். ஒருமுறை வேர்பிடித்தால் ஆண்டுதோறும் தானே தளிர்க்கும். தரையோடு ஓடும் கொடிகளை நீட்டி, அவை மண்ணைத் தொட்ட இடத்தில் எல்லாம் புதுச் செடியாகும். குளிர் விடைபெறும் வேளையில், ஏனைய செடிகள் விழித்தெழும் முன்பே, இலைகளுக்கு நடுவே தலைகுனிந்த சிறு பூக்களை விரிக்கும். அந்தத் தலைகுனிவைப் பணிவின் அடையாளமாகப் பாரசீகக் கவிகள் மீண்டும் மீண்டும் பாடினர்.

அதன் மணத்தைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. முகர்ந்த சில நொடிகளில் மணம் மறைந்துவிடும்; சற்றுப் பொறுத்து முகர்ந்தால் மீண்டும் வரும். பூவில் குறை ஒன்றுமில்லை. அதிலுள்ள அயனோன் என்னும் மணப்பொருள் நம் நாசியின் உணர்வைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்துவிடுகிறது. இன்னொன்று: வசந்தத்தில் கண்ணுக்கு அழகாய்ப் பூக்கும் பூக்களில் விதை பிடிப்பது குறைவு. கோடையில் இலைகளின் அடியில், விரியாமலே மூடிக்கிடக்கும் சிறு மொட்டுகள் தமக்குள் தாமே கருவுற்று, விதைகளை ஏராளமாய்த் தருகின்றன. அந்த விதையின் நுனியில் கொழுப்புச் சத்துள்ள சிறு துணுக்கு ஒன்று உண்டு. எறும்புகள் அதற்காக விதையை இழுத்துச் சென்று, துணுக்கைத் தின்றுவிட்டு விதையை விட்டுவிடுகின்றன. எவரும் விதைக்காத இடத்தில் அடுத்த ஆண்டு ஒரு செடி முளைக்கிறது. சுப்ஹானல்லாஹ்.

இத்தகைய பூ வெயில் கொளுத்தும் ஸ்பெயினின் தென்பகுதியில், அன்றைய அந்தலுஸில், எப்படிப் பேணப்பட்டது என்பதே நம் வரலாற்றின் மையம். இஷ்பீலியா என்று அரபியர் அழைத்த செவில் நகரில் கோடை வெப்பம் 40 பாகையைத் தாண்டும். பனஃப்ஷாவோ ஈரமும், இலைமக்கு நிறைந்த மண்ணும், நிழலும் கேட்கும் செடி. ஆனால் முழு இருட்டிலும் அது பூக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழி, இலையுதிர்க்கும் மரத்தின் அடிவாரம். மாதுளை, முசுக்கட்டை, சீமை மாதுளை போன்ற மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாய் நிற்கும். அப்போது மென்மையான வெயில் தரைவரை இறங்கும். அதைக் குடித்துப் பனஃப்ஷா பூக்கும். பூத்து முடியும் வேளையில் மேலே மரம் இலைவிட்டுக் குடை பிடிக்கும். வெப்பம் ஏறும் மாதங்களை அந்தக் குடையின் கீழே செடி கடந்துவிடும். மேலே கனிமரம், கீழே நிழல்செடி, நடுவே ஓடும் வாய்க்கால். ஒரே நிலம், ஒரே நீர், இரண்டு விளைச்சல்.

இந்த நுட்பங்களை வாய்மொழியாய் மட்டும் விடாமல் நூலாக்கியவர்கள் அந்தலுஸின் வேளாண் அறிஞர்கள். அவர்களில் முன்னோடி இப்னு பஸ்ஸால். துலைத்துலா என்னும் டோலிடோ நகரை 1043 முதல் 1075 வரை ஆண்ட அல்மஃமூனின் அவையில் இருந்தவர். தாஜோ ஆற்றங்கரையில் அமைந்திருந்த அரசத் தோட்டம் மருந்துச் செடிகளும் புதுச் செடிகளும் பழக்கப்பட்ட சோதனைக் களமாக இருந்தது. மருந்தியல் வல்லுநர் இப்னு வாஃபிதும் அங்கே பணிபுரிந்தார். இப்னு பஸ்ஸாலின் நூல் சுருக்க வடிவில், 16 அத்தியாயங்களாக, நமக்குக் கிடைத்திருக்கிறது. மண்ணை அவர் பத்து வகையாகப் பிரிக்கிறார். எந்த மண் எந்தப் பருவத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்கிறார். அந்நூலில் நம்மைக் கவர்ந்தது, அதில் மேற்கோள்கள் இல்லாமையே. முன்னோர் சொன்னார் என்று அவர் எவரையும் துணைக்கு அழைப்பதில்லை. தம் கைகள் மண்ணில் கண்டதை மட்டும் எழுதினார்.

1085-இல் துலைத்துலா ஆறாம் அல்ஃபோன்ஸோவின் கைக்குப் போயிற்று. தோட்டத்தை வளர்த்தவர் தோட்டத்தை விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. இப்னு பஸ்ஸால் இஷ்பீலியாவை அடைந்து, அங்கு ஆண்ட அல்முஃதமிதின் ஆதரவில் மீண்டும் ஒரு தோட்டத்தைத் தொடங்கினார். செடிகளை எடுத்துச் சென்றாரா என்பதை வரலாறு சொல்லவில்லை. அறிவை எடுத்துச் சென்றார் என்பது உறுதி. இஷ்பீலியாவின் அடுத்த தலைமுறை வேளாண் நூலோர் அவரிடம் கற்றதைத் தம் நூல்களில் பதிவு செய்தனர்.

அந்த மரபின் உச்சம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம். 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் அவருடைய பெருநூலில் 585 செடிவகைகள் பேசப்படுகின்றன. நறுமணப் பூக்களுக்கென அமைந்த பகுதியில் பனஃப்ஷாவும் இடம்பெறுகிறது. அவர் முன்னோர் நூல்களை ஏராளமாய் எடுத்தாள்கிறார். கூடவே ஓர் ஒழுங்கையும் கைக்கொள்கிறார். பிறர் சொன்னதை அவரவர் பெயரோடு தருவார். தாமே செய்து பார்த்ததை 'லீ', அதாவது 'இது என்னுடையது' என்னும் சிறு குறியோடு தனியே பிரித்துக் காட்டுவார். பலமுறை சோதித்து மெய்யெனக் கண்டவற்றையே தம் சொல்லாக வைப்பதாக முன்னுரையில் வாக்களிக்கிறார். இஷ்பீலியாவுக்கு மேற்கே அஷ்ஷரஃப் என்னும் மேட்டுநிலத்தில், ஒலிவ மரங்கள் நிறைந்த பகுதியில், அவருடைய சோதனைகள் நடந்தன.

ஹதீஸ் கலையின் வாசனை அறிந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாகத் தோன்றாது. யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது, நேரில் கண்டதா, செவிவழி வந்ததா என்னும் கேள்விகள் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு முதலாண்டிலேயே பழக்கப்படுத்தப்படுபவை. இதில் ஒரு காலப் பொருத்தமும் இருக்கிறது. பனஃப்ஸஜ் தைலத்தின் பெயரால் வந்த பொய்யைப் பட்டியலிட்ட இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) ஹிஜ்ரி 597-இல், கி.பி. 1201-இல், பக்தாதில் வஃபாத்தானவர்கள். இப்னுல் அவ்வாம் ஏறக்குறைய அதே காலத்தவர். உலகின் ஒரு முனையில் ஒருவர் அந்தப் பூவின் பெயரால் முளைத்த களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒருவர் அதே பூவுக்கு மண் பதப்படுத்தும் முறையை எழுதிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று ஒன்றும் இல்லை. நாமும் அப்படிச் சொல்ல வரவில்லை.

இப்னுல் அவ்வாமை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. அவருக்கு மூலமாய் இருந்தவற்றுள் ஒன்று, இப்னு வஹ்ஷிய்யா பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபியில் தந்த 'நபத்தியர் வேளாண்மை'. அந்நூலில் பயிர்த்தொழிலோடு நட்சத்திர வழிபாடும் சூனியமும் கலந்து கிடந்தன. இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் இதைக் குறிப்பிட்டு, முஸ்லிம்கள் அதிலிருந்து பயிர் சார்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றும், இப்னுல் அவ்வாம் அந்த வழியில் அதைச் சுருக்கினார் என்றும் எழுதுகிறார். பெரும்பாலும் அது சரி. ஆயினும் அறிவுக்கு ஒவ்வாத சில குறிப்புகள் இப்னுல் அவ்வாமின் நூலிலும் தப்பி நிற்கின்றன. களை பிடுங்குபவர் எவ்வளவு கவனமானவராயினும் ஒன்றிரண்டு வேர் மண்ணுக்குள் நின்றுவிடும். இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள்மீதும் எதிர்த்திசையில் ஒரு விமர்சனம் உண்டு. பொய்யல்லாத சிலவற்றையும் பொய்யென்று எழுதிவிட்டார்கள் எனப் பிற்கால அறிஞர்கள் கூறினர். இமாம் சுயூத்தீ (ரஹ்) அவர்கள் அதற்கெனத் தனிநூலே இயற்றினார்கள். பயிரோடு சேர்த்துப் பிடுங்கிவிடுவதும் நேரக்கூடியதே.

தோட்டங்களின் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். அன்றைய அந்தலுஸ் தோட்டங்களில் நடைபாதை உயர்ந்தும் பாத்தி தாழ்ந்தும் இருந்தன. இஷ்பீலியா அரண்மனையில் நடந்த அகழாய்வில் இத்தகைய தாழ்பாத்தித் தோட்டம் ஒன்று வெளிப்பட்டது. கர்னாத்தாவின் ஜன்னத்துல் அரீஃபில் 1958-இல் ஒரு தீ விபத்து நேர்ந்தது. அதன்பின் தோண்டிப் பார்த்தபோது, நீண்ட நீர்வாய்க்கால் முற்றத்தின் பழைய பாத்திகள் இன்றைய தரைக்குக் கீழே இருந்ததும், வாய்க்காலிலிருந்து பாத்திக்கு நீர் விட்ட துளைகளும் தெரியவந்தன. தாழ்ந்த பாத்தியில் ஈரம் நிற்கும், சூடான காற்று மேலோடு போய்விடும். மேலிருந்து நடப்பவரின் கண்ணுக்குப் பூக்களின் தலைகள் விரித்த கம்பளம் போல் தெரியும். அல்மரியாவைச் சேர்ந்த இப்னு லுயூன் 1348-இல் இயற்றிய வேளாண் செய்யுளில் வீட்டுத்தோட்டத்தின் வரைபடமே கிடைக்கிறது. உயர்ந்த இடத்தில் வீடும் நீர்நிலையும், நீரை ஒட்டிப் பசுமை மாறாச் செடிகள், அடுத்துப் பலவகைப் பூக்கள், நடைபாதைக்கு நிழல்தரத் திராட்சைப் பந்தல். கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிய ஆண்டு அது. மறு ஆண்டு அவரும் அந்நோயிலேயே இறந்தார்.

பூவிலிருந்து தைலம் எடுக்கும் முறை அந்தலுஸுக்கும் முந்தியது. பாரசீகத்தின் ஸாபூர் பகுதி, பனஃப்ஷா, நர்கீஸ், அல்லி முதலியவற்றின் மணத்தைலங்களுக்குப் பெயர்பெற்றது என்று பத்தாம் நூற்றாண்டுப் புவியியலாளர் அல்முகத்தஸீ எழுதினார். எள்ளையோ வாதுமைப் பருப்பையோ பூக்களோடு அடுக்கடுக்காய்ப் பரப்பி, பூக்கள் வாடியதும் மாற்றி, மணம் முழுவதும் பருப்பில் ஏறிய பின் செக்கிலிட்டு எண்ணெய் பிழிவர். பூக்காலம் குறுகியது, பூவோ சிறிது, ஒரு குப்பிக்கு எத்தனை ஆயிரம் பூ வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், இன்று மலிவாய்க் கிடைக்கும் தைலங்களைப் பற்றி ஐயம் எழுவது இயல்பே. சர்க்கரைப் பாகிலிட்டு ஷராபும் காய்ச்சினர். பதின்மூன்றாம் நூற்றாண்டு அந்தலுஸ் சமையல் நூல் ஒன்றில் அதன் செய்முறை இருக்கிறது. நோன்பு திறக்கும் வேளையில் நாம் அருந்தும் சர்பத்தின் பெயர் அந்தச் சொல்லின் உறவே. இப்னு ஸீனா முதலான மருத்துவர்கள் பனஃப்ஷாவைக் குளிர்ச்சியும் ஈரமும் உடையதென வகுத்து, இருமலுக்கும் தலைவலிக்கும் பரிந்துரைத்தனர். இவை அவர்களுடைய மருத்துவக் கருத்துகள். அவற்றுக்கு வஹீயின் முத்திரையை அவர்கள் குத்தவில்லை.

இந்த நூல்களுக்குப் பின்னர் நேர்ந்ததை எழுதக் கை தயங்குகிறது. 1492-இல் கர்னாத்தா வீழ்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள், கர்தினால் ஸிஸ்னெரோஸின் ஆணையால், அங்குள்ள பாபுர் ரம்லா சதுக்கத்தில் அரபி நூல்கள் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் தீயிலிருந்து விலக்கப்பட்டன. நோய்க்கு மதம் தெரியாது என்று அவர்களும் அறிந்திருந்தார்கள் போலும். 1609 முதல் 1614 வரை, பெயரளவில் மதம் மாற்றப்பட்டிருந்த மூரிஸ்கோ மக்களும் நாடு கடத்தப்பட்டனர். வாய்க்காலில் நீர் பங்கிடத் தெரிந்த கைகள் பல அவர்களோடு கப்பலேறின. அவர்களுடைய சொற்கள் தங்கின. வாய்க்காலுக்கு ஸ்பானியர் சொல்லும் அஸெக்கியா, 'அஸ்ஸாகியா'. குளத்துக்கு அல்பெர்கா, 'அல்பிர்கா'. ஆரஞ்சுப் பூவுக்கு அஸஹார், 'அஸ்ஸஹ்ர்'. பனஃப்ஷாவின் அரபிப் பெயர் தங்கவில்லை. லத்தீன் வழிவந்த வயலெட்டா என்றே அங்கே வழங்குகிறது. எல்லாமே நம்மிடமிருந்து போயின என்று பயான்களில் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தப் பூ அதற்கு ஒத்துழைக்க மறுக்கிறது.

இப்னுல் அவ்வாமின் நூல் பிழைத்தது. எஸ்கோரியல் அரச நூலகத்தில் அதன் கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது. 1671-இல் அந்நூலகத்தை எரித்த தீயில் அரபிச் சுவடிகள் பல அழிந்தன. எஞ்சியவற்றுள் இதுவும் ஒன்று. ஹோசே அன்டோனியோ பான்கேரி என்னும் கிறிஸ்தவ மதகுரு 1802-இல் அதை அரபி மூலத்தோடும் ஸ்பானிய மொழிபெயர்ப்போடும் மத்ரித் நகரில் அச்சேற்றினார். முன்னோரை விரட்டிய நாடு, தன் வயல்களைச் சீராக்க அவர்களுடைய ஏட்டைத் தேடி எடுத்தது.

நம் நாட்டிலும் இந்தப் பூவுக்குத் தடம் உண்டு. 1620-இல் காஷ்மீரின் வசந்தத்தைக் கண்ட ஜஹாங்கீர், ரோஜாவும் பனஃப்ஷாவும் நர்கீஸும் அங்கே தாமாகவே முளைப்பதைத் தம் நினைவுக்குறிப்பில் வியக்கிறார்; உஸ்தாத் மன்ஸூர் தீட்டிய காஷ்மீரப் பூக்கள் 100-க்கு மேல் என்றும் சொல்கிறார். மருந்துக்கடைக்கு வரும் குல்பனஃப்ஷா இன்றும் பெரும்பாலும் இமயமலைச் சாரலில் பறிக்கப்படுவதே. ஒரே பெயரில் அதே இனத்தின் வேறு வேறு செடிகளும் கலந்து விற்கப்படுகின்றன என்பதை வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ, அல்லது குளிர்நாடுகளிலோ வாழும் குடும்பங்கள் வீட்டின் வடபுறத்து மூலையில், இலையுதிர்க்கும் மரத்தடியில், இதை வைத்துப் பார்க்கலாம். மக்கிய இலைச்சருகை மண்ணில் கலந்து, ஈரம் காயாமலும் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூத்து முடிந்தபின், செடியைப் பிரித்து நடலாம். முஸ்லிம் ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என்னும் கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹானது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பனஃப்ஷாவை நடுவதற்கு அந்த ஒன்றே போதுமான ஊக்கம், புனைந்துரை தேவையில்லை.

மறுவார ஜுமுஆவில், சில ஆண்டுகளுக்கு முன் நாம் சொன்னது தவறு என்று மிம்பரருகே நின்று சொன்னோம். நாக்கு வறண்டது உண்மை. தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் வந்து, தாம் அதை நம்பிப் பலருக்குச் சொல்லியிருப்பதாகவும், இப்போது அவர்களை எங்கே தேடுவது என்றும் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அந்தப் பிள்ளையின் பாட்டி தைலத்தை இன்னும் தடவிக்கொள்கிறார்கள், இதமாய் இருக்கிறதாம். குப்பியின்மேல் ஒட்டியிருந்த தாளை மட்டும் பிள்ளை நனைத்து உரித்துவிட்டார்.

பூவை நேரில் காண வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மலையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தொட்டியில் ஒரு செடி கொண்டுவந்து தந்தார். மத்ரஸாத் தாழ்வாரத்தின் நிழலில், ஹவ்ளுக்கு அருகில் வைத்தோம். தை மாதம் இரண்டு பூ பூத்தது. முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் குனிந்து முகர்ந்தார்கள்; ஒன்றுமே மணக்கவில்லை என்று பாதிப்பேர் சொன்னார்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் முகரச் சொன்னோம். பங்குனி வெயிலில் செடி கருகிவிட்டது. தொட்டி அங்கேயே இருக்கிறது. எறும்புகள் எதையேனும் எடுத்துப் போயிருக்குமா என்று அந்தப் பிள்ளை ஒளூச் செய்யும்போதெல்லாம் சுவரோரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.